ஆசான் இல்லாத நாட்களை எப்படி வாழ்வது? – வாசகர் கேள்வி பதில்

தொழிலோ வாழ்க்கையோ கற்றுத்தந்த ஒருவர் மறைந்துவிட்டார், அவர் நினைவாக இனி வரும் நாட்களை மதித்து வாழ விரும்புகிறோம், எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஆசான் காலமான அன்று, இனி ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஏன் நிலைக்கவில்லை?

பதில்: உங்கள் உறுதியில் குறையில்லை. சபதத்தின் வடிவம்தான் சரியில்லை. ‘வீணாக்க மாட்டேன்’ என்பதில் எப்போது, எங்கே, எதைச் செய்வது என்பது இல்லை. துக்கத்தின் வேகம் இருக்கும்வரை அது நம்மை இழுத்துச் செல்லும். வேகம் தணிந்ததும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ‘இது நடந்தவுடன் இதைச் செய்வேன்’ என்று நேரமும் இடமும் குறித்து எடுக்கும் முடிவுகளே செயலாகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே சபதத்தைச் சுருக்குங்கள். ‘இரவு பல் துலக்கியதும் மேசையில் உட்கார்ந்து மூன்று வரி எழுதுவேன்.’ இவ்வளவு போதும்.

அந்த மூன்று வரி என்ன? அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்கள், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒரு வாரம் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது; வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கு அதிகமாகத் தெரிந்தது.

பலரும் காரணத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் ஆசான் வந்து உட்காரும் இடமே அதுதான். ‘இன்று வேலை நன்றாகப் போனது’ என்று எழுதினால் மனதில் ஒன்றும் தங்காது. ‘கணக்கு இடித்தது, புதிதாகச் சேர்ந்த பையன் தப்பைக் கண்டுபிடித்தான்’ என்று எழுதுங்கள். ஏன் கண்டுபிடித்தான்? கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் பழக்கத்தை நீங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? இப்படிக் காரணத்தைத் தோண்டும்போது அவர் தானாக வருவார். எல்லா வரியிலும் அவரைக் கொண்டுவர முயலாதீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு இடத்தில் வந்தாலே நிறைய. வலிந்து இழுத்தால் அது கடமையாகிவிடும்.

இதில் வழக்கமாக வரும் கோளாறு சலிப்பு. குடும்பம், உடல்நலம், வேலை என்று அதே மூன்று திரும்பத் திரும்ப வரும். கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். ஒரே வாரத்துக்குள் எதையும் இரண்டாம் முறை எழுதக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தினமும் எழுதிய பிறகு வாரம் ஒருமுறைக்கு மாறிக்கொள்ளலாம். சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் சோதித்துப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அதிகம் எழுதினால் அதிகப் பலன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் கலங்க வேண்டாம். ஃபிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. புதுப் பழக்கம் ஒன்று தன்னிச்சையாக நிகழ நடுத்தரக் கணக்கில் 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறிய நாளுக்கும் சேர்த்து மறுநாள் ஆறாக எழுத மட்டும் உட்காராதீர்கள். அந்தப் பாரம்தான் நோட்டை மூடவைக்கும். இன்னொன்று, ஃபோனில் எழுத வேண்டாம், தாளில் எழுதுங்கள். படுக்கும் நேரத்தில் ஃபோனைத் திறந்தால் அது உங்களை வேறெங்கோ கொண்டுபோய்விடும்.

கேள்வி: ‘இன்றுதான் கடைசி நாள் என்று நினைத்து வாழ்’ என்கிறார்களே, அது உதவுமா?

பதில்: அப்படியே எடுத்துக்கொண்டால் உதவாது. கடைசி நாளில் யாரும் மரக்கன்று நட மாட்டார்கள், பாடம் படிக்க மாட்டார்கள், பல் மருத்துவரிடம் போக மாட்டார்கள். ஆசான் உங்களிடம் வளர்த்தது பெரும்பாலும் பல வருடம் பிடிக்கும் வேலை. அதைத் தள்ளிப்போடச் சொல்லும் எந்த வாக்கியமும் அவருக்கு மரியாதை செய்யாது.

அளவோடு வைத்துக்கொண்டால் இதே எண்ணத்தில் பலன் உண்டு. ஜேமி கர்ட்ஸ் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடியும் தருவாயில் இருந்த மாணவர்களை இரண்டு வாரம் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி எழுதவைத்தார். ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்று நினைவூட்டப்பட்டவர்கள் அந்த நாட்களை அதிகமாக அனுபவித்தார்கள். ஆகவே வாழ்க்கை மொத்தத்துக்கும் முடிவைக் கற்பனை செய்யாமல், உண்மையிலேயே முடியப்போகும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பருவம், இந்த அணியோடு செய்யும் வேலை, குழந்தை கைபிடித்து நடக்கும் இந்த வயது.

இன்னொரு பயிற்சியும் உண்டு. மின்கியுங் கூவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008-இல் காட்டியது இது: நல்லது ஒன்று எப்படி நடந்தது என்று எழுதுவதைவிட, அது எப்படியெல்லாம் நடக்காமலே போயிருக்கலாம் என்று எழுதும்போது மனம் அதிகம் தெளிகிறது. உங்கள் ஆசானைச் சந்தித்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விண்ணப்பம் தாமதமாகியிருந்தால்? அன்று வேறொருவர் பொறுப்பில் இருந்திருந்தால்? ஒரு பக்கம் எழுதினால் போதும். இழப்பு ஆறாத முதல் நாட்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அப்போது இது வலியைக் கூட்டக்கூடும்.

கேள்வி: ‘நல்ல மனிதர், நிறையக் கற்றுத்தந்தார்’ என்பதைத் தாண்டி எதையும் குறிப்பாகச் சொல்ல வரவில்லை. நன்றியில்லாதவனாகிவிட்டேனோ?

பதில்: இல்லை. கற்றது நன்றாகப் படிந்துவிட்டால் யாரிடம் கற்றோம் என்ற நினைவு அழிந்துவிடும். அதைத் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசராக இருந்த மார்க்கஸ் அரேலியஸின் தனிக் குறிப்புகளில் முதல் பகுதி முழுக்க இதுதான். 17 பத்திகள், தாத்தா, தாய், ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவரிடமிருந்தும் என்ன கிடைத்தது என்ற கணக்கு. ஒருவரைக்கூட ‘பெரிய மனிதர்’ என்று மட்டும் சொல்லி அவர் நகர்ந்துவிடவில்லை. ரஸ்டிகஸ் என்ற ஆசானிடம் பெற்றவற்றில், மேலோட்டமாகப் புரிந்ததோடு திருப்தியடையாமல் கவனமாகப் படிப்பதும், மனம் நோகச் செய்தவர் சமாதானமாக வந்தால் உடனே இணங்குவதும் உண்டு. அலெக்சாண்டர் என்பவரிடமிருந்து கிடைத்தது, தேவையில்லாமல் ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்லவோ எழுதவோ கூடாது என்பது. இந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் நாளைக் காலையில் அதைச் செய்துபார்க்க முடியும்.

ஒரு தாளை எடுத்து ஆசானின் பெயரை எழுதுங்கள். வேலையைத் தொடங்கும் முன் முதலில் என்ன செய்வார்? நீங்கள் தப்பு செய்தபோது என்ன சொன்னார், எந்தக் குரலில்? பணமோ பேரோ கிடைக்கும் என்றாலும் எதைச் செய்ய மறுப்பார்? அடிக்கடி வாயில் வந்த வாக்கியம் எது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடினால் பத்துப் பன்னிரண்டு வரியாவது தேறும். பிறகு அவரிடம் கற்ற மற்றவர்களிடமும் இதையே கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் அவரின் வேறொரு துண்டு இருக்கும்; சில நேரம் உங்கள் நினைவுக்கு எதிராகவும் இருக்கும். அதையும் எழுதிவையுங்கள். குறையே இல்லாதவராக அவரை மாற்றிவிட்டால் பிறகு அவரிடமிருந்து கற்க ஒன்றும் மிஞ்சாது.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று: அவருடைய குரல் பதிவுகளும் குறுஞ்செய்திகளும் ஃபோனில் இருந்தால் இன்றே இரண்டு தனித்தனி இடங்களில் நகல் எடுத்துவையுங்கள். ஃபோன் மாறும்போதும், செயலி மீண்டும் நிறுவப்படும்போதும் இவை சத்தமில்லாமல் போய்விடும். கோப்பின் பெயரிலேயே தேதியையும் எதைப் பற்றியது என்பதையும் போடுங்கள். கையெழுத்துத் தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பிசினும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஸ்கேன் செய்துவிட்டு வெளிச்சம் படாத, ஈரம் இல்லாத இடத்தில் தட்டையாக வைத்தால் போதும்.

கேள்வி: சிரித்துவிட்டால் உடனே குற்ற உணர்ச்சி வருகிறது. அவர் போன பிறகு நான் நாட்களை ரசிப்பது துரோகமா?

பதில்: துரோகம் இல்லை. துக்கம் ஒரே திசையில் போவதும் இல்லை. மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த கருத்துப்படி, இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் போய்வரும். சிறிது நேரம் இழப்பைப் பார்க்கும், சிறிது நேரம் அன்றாடத்தையும் புது வேலைகளையும் பார்க்கும். ஊசலாடுவதுதான் ஆரோக்கியம். சிரித்த நிமிடத்தில் நீங்கள் அவரை மறந்துவிடவில்லை; மறுபக்கம் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் இது பொருந்தும். நன்றிக் குறிப்பேட்டைக் காட்டி அழுகையை அடக்காதீர்கள். மனம் கனத்த நாளில் மூன்றுக்குப் பதில் ஒரு வரி எழுதலாம், அல்லது ‘இன்று கடினமாக இருந்தது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிடலாம்.

கேள்வி: நான் அவருடைய உறவினர் இல்லை. யாரும் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை, விடுப்பும் கிடைக்கவில்லை. என் வருத்தம் அதிகப்படியோ?

பதில்: இல்லவே இல்லை. பிறர் அங்கீகரிக்காத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா 1989-லேயே தொகுத்து எழுதியிருக்கிறார். ரத்த உறவு இல்லாததால் சடங்கில் இடமில்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை. அதனால்தான் உள்ளே கனக்கிறது.

குடும்பத்தினருக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஆண்டுகளில் அவரோடு இருந்தீர்கள். அடுத்து, வீட்டார் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒரே ஒரு சம்பவம். கடைசியாக, அவரிடம் கற்ற எதை இன்றும் செய்கிறீர்கள் என்பது. பதில் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சேருங்கள். அவருடைய பொருள் எதையும் அந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள். நினைவுக்காகக் கேட்டதுகூட அந்த நேரத்தில் தப்பாகப் படும்.

கேள்வி: உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட நன்றி சொல்லவில்லை. இப்போது என்ன செய்ய?

பதில்: அவருக்கே கடிதம் எழுதுங்கள். அனுப்ப முடியாது என்பதால் அலங்காரம் தேவையில்லை. சொல்லாமல் விட்டது, கேட்காமல் விட்டது, கோபம் இருந்தால் அதுவும். எழுதி முடித்ததும் சத்தமாக ஒருமுறை படியுங்கள்.

பிறகு உயிரோடு இருக்கும் ஒருவருக்கு எழுதுங்கள். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் கண்டது உங்களுக்கு உதவும். நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை மிகையாகவும், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாகவும் கணிக்கிறார்கள். நம்மைத் தடுப்பது அந்தத் தப்புக் கணக்குதான். நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1957 நவம்பர் 19 அன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு எழுதினார். சிறிய கடிதம்தான், ஏழைப் பையனாக இருந்த தனக்கு அவர் கைகொடுத்ததையும் கற்பித்ததையும் நேராகச் சொல்லி நன்றி தெரிவித்தார். உங்கள் கடிதமும் அவ்வளவு நேராக இருக்கட்டும்.

கேள்வி: முதலாண்டு நினைவு நாள் நெருங்குகிறது. இன்னும் சாதாரணமாக இருக்க முடியவில்லை. அந்த நாளில் என்ன செய்யலாம்?

பதில்: நாள் முழுவதையும் திட்டமிட வேண்டாம், இரண்டு மணி நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள். அவர் கற்றுத்தந்த ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்யுங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒரு இளையவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபடியே. ஒரே ஒரு நுணுக்கம் போதும். பெரும்பாலும் அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் கடினமாக இருக்கும். அந்த வாரத்தில் முக்கிய முடிவுகளையும் கூடுதல் வேலையையும் தவிருங்கள்.

சாதாரணமாக இருக்க முடியவில்லை என்கிறீர்கள். எப்போதாவது அழுகை வருவது வேறு. ஏறக்குறைய தினமும் ஏக்கம் வாட்டி, தூக்கமோ வேலையோ உறவுகளோ நடத்த முடியாமல் போனால் அதற்கு மருத்துவ உதவி உண்டு. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு இதை நீடித்த துக்கக் கோளாறு என்று கணிக்க ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் குறைந்தபட்ச அளவாக வைக்கின்றன. நீங்கள் முதல் எல்லையைத் தாண்டி இரண்டாவதற்கு அருகில் இருப்பதால் நினைவு நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே, பக்கத்தில் இருப்பவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.