வாசகர் கேள்வி: எல்லை தாண்டும் திட்டத்துக்குப் பணம் யார் போடுவது?

கேள்வி: நகரத் திட்டமிடல் படிக்கிறேன். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து வட்டார வளர்ச்சிக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் திட்டம் போட ‘இன்டர்ரெக்’ என்றொரு நிதி இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. அது யாருடைய பணம்? யாருக்குப் போகிறது?
– மாணவர், கடையநல்லூர்

பதில்: தம்பி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவு செலவில் வட்டார வளர்ச்சிக்கென்று ஒரு நிதி உண்டு. அதில் ஒரு பங்கை, நாட்டெல்லை தாண்டிச் செய்யும் வேலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அதுதான் இன்டர்ரெக். 1990-ல் தொடங்கியபோது எல்லையின் இருபுறமும் ஒட்டிக்கிடந்த ஊர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 1997-ல் இன்னொரு கிளையைச் சேர்த்தார்கள். ஓர் ஆற்றின் படுகை, ஒரு கடலின் கரைகள் என்று பல நாடுகளில் விரிந்து கிடக்கும் பரப்பு முழுவதையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடுவதற்கான கிளை அது. உன் பாடத்தில் வருவது இதுவாகத்தான் இருக்கும். 2021 முதல் 2027 வரைக்கும் எல்லாக் கிளைகளுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 800 கோடி யூரோ.

தொகையை விட விதியைப் படி. தனி ஆளாகவோ தனி நாடாகவோ போய் நின்றால் ஒரு காசு கிடைக்காது. பங்காளிகள் சேர்ந்து திட்டத்தைத் தயாரிக்க வேண்டும், சேர்ந்தே நடத்தவும் வேண்டும். அதற்கு மேல், ஆள் அமர்த்துவதிலோ பணம் போடுவதிலோ கூட்டு இருந்தாக வேண்டும். பங்காளிகளில் ஒருவர் முதன்மைப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவார். எல்லோருக்குமான பணமும் அவர் வழியாகத்தான் வரும். அதுவும் முழுப்பணம் அல்ல, பொதுவாக நூற்றுக்கு 80 வரைதான். மிச்சத்தைப் பங்காளிகள் தங்கள் கையிலிருந்து போட வேண்டும். பெரும்பாலும் முதலில் செலவழித்து, கணக்கைக் காட்டி, பிறகுதான் வாங்க முடியும். என் சொந்த அபிப்பிராயம்: அந்தக் கைப்பணம்தான் கூட்டாளியை மேசையை விட்டு எழுந்து போகாமல் உட்கார வைக்கிறது.

கேள்வி: கூட்டம் போடவும் படம் வரையவும் கோடி கோடியாகக் கொடுப்பது வீண் இல்லையா? அந்தப் பணத்துக்கு ஆற்றங்கரையை உயர்த்திக் கட்டலாமே! 2023 வெள்ளத்தில் பிசான நாற்றங்கால் முழுவதையும் இழந்தவன் கேட்கிறேன்.
– விவசாயி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் பக்கம் ஏரலில் என் தங்கை வீடு இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள்: “அண்ணே, அங்கே ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? நாங்கள் மாடிக்கு ஏறிவிடட்டுமா?” நான் இருப்பது தாமிரபரணியின் மேல்பக்கம் கல்லிடைக்குறிச்சியில், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குப் பக்கத்திலேயே. அவள் இருப்பது அதே ஆற்றின் கீழ்ப்பக்கம். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். படித்துறை தெரியவில்லை, மண்டபத்துத் தூண்கள்தான் தெரிந்தன. அதைத்தான் அவளிடம் சொன்னேன். “அப்படியென்றால் எங்கள் தெருவுக்கு எவ்வளவு வரும்?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பது வருடம் நிலப்படம் வரைந்து பிழைத்தவன் நான். இங்கே மண்டபத்துத் தூணில் இத்தனை அடி என்றால், இத்தனை மணி நேரம் கழித்து ஏரல் தெருவில் இத்தனை அடி என்று சொல்லும் ஒரு தாள் என் கையிலும் இல்லை, அவள் கையிலும் இல்லை. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் ஊர் ரயில் நிலையத்திலேயே சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. அந்த ராத்திரியில் எந்தக் கரையை எத்தனை அடி உயர்த்தியிருந்தாலும், மாடிக்கு ஏறட்டுமா என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது.

ரோமானியா முதன்மைப் பொறுப்பேற்க, டான்யூப் ஆற்றங்கரை நாடுகள் 2009 முதல் 2012 வரை அந்தத் தாளைத்தான் தயாரித்தன. வெள்ளம் எந்த ஊரில் எதுவரை ஏறும் என்று ஆற்றின் நெடுகிலும் ஒரே அளவுமுறையில் காட்டும் படத்தொகுப்பு அது. நான் மேலே சொன்ன 1997 கிளையின் வழிவந்த நிதிதான் அதற்கு உதவியது. கரை கட்ட ஒரு நாட்டின் பணம் போதும். ஆனால் மேலே இருப்பவனின் அளவும் கீழே இருப்பவனின் அளவும் ஒரே தாளில் ஏற வேண்டுமானால், இருவருக்கும் பொதுவான பணம் ஒன்று வேண்டும்.

அளவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ரைன் ஆற்றின் குறுக்கே லாஃபன்பர்க் என்ற ஊரில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இரு கரையிலிருந்தும் பாலம் கட்டிக்கொண்டு வந்தன. ஜெர்மனி உயரத்தை வடகடலிலிருந்து அளக்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலிலிருந்து அளக்கிறது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் கணக்கில் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003-ல் பார்த்தால் 54 சென்டிமீட்டர் இடிக்கிறது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு தாலுகா படங்களை ஒட்டவைத்து ஒரே தாளாக்கச் சொன்னார்கள். ஒரு படத்தின் ஓரம் வரை ஓடிவந்த கால்வாய், அடுத்த படத்தில் அரை விரற்கடை தள்ளித் தொடங்கியது. நிலத்தில் அது இரண்டு வயல் அகலம். மேலதிகாரியிடம் காட்டினேன். “நம் தாலுகா சரியாக இருக்கிறதல்லவா, விடு” என்றார். அந்தக் கால்வாயின் கடைமடைக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்?

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1993-லும் 1995-லும் ரைன், மாஸ் ஆறுகள் பெருகின. 1995-ல் நெதர்லாந்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆற்றின் கடைசியில் இருக்கும் நாடு அது, உங்கள் ஊரைப் போல. அதன் பிறகுதான் அங்கே, வெள்ளம் வந்தால் மேல்பக்கத்திலேயே பரந்து நிற்க இடம் விட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மேல்பக்கத்தில் இடம் விடுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை, கீழே உள்ளவனுக்குத்தான் லாபம். சேரன்மகாதேவிக்காரரிடம் போய், ஸ்ரீவைகுண்டத்தைக் காப்பாற்ற உங்கள் வயலில் மூன்று நாள் தண்ணீர் நிற்கட்டும் என்று வெறும் வாயால் கேட்க முடியுமா? அந்த இடத்துக்குத்தான் பொதுப்பணம் வேண்டும். ரைன், மாஸ் நாடுகள் அன்று 1997 கிளையிலிருந்தே வெள்ளத்துக்கென்று ஒரு கூட்டுத் திட்டத்தை நடத்தின.

நம் தாமிரபரணி நாட்டெல்லை எதையும் தாண்டவில்லை. ஆனால் 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. பெரிய அணைகள் திருநெல்வேலியில், கடைசி அணைக்கட்டு தூத்துக்குடியில். குற்றாலத்துச் சிற்றாறு தென்காசியிலிருந்து வந்து சீவலப்பேரியில் சேர்கிறது. ஆறு ஒன்று, மாவட்டம் மூன்று. மூன்றும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று சென்னையில் ஒரு நிதித் தலைப்பைத் திறந்தால் போதும் என்று நான் நம்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியதில்லை.

கேள்வி: ஆற்றைச் சுத்தம் செய்ய நாங்கள் பத்துப் பேர் சங்கம் வைத்திருக்கிறோம். வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கை எங்களுக்குத் தருவதாக ஒரு பெரிய தொண்டு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?
– சங்கச் செயலாளர், அம்பாசமுத்திரம்

பதில்: வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-ஐ 2020-ல் திருத்திவிட்டார்கள். பதிவு பெற்ற நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவுக்கும் நூற்றுக்கு 20-க்கு மேல் போகக்கூடாது. முன்பு 50 வரை போகலாம். அந்த நிறுவனம் தன் கணக்கிலேயே செலவு செய்து உங்கள் கரையில் வேலை நடத்தட்டும், நீங்கள் உடன் நில்லுங்கள். அதையும் ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: கேரளத்தோடு சேர்ந்து இப்படித் திட்டமிட வழி உண்டா?
– ஆசிரியை, செங்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததுதான். அதே 1956-ல் நதி வாரியச் சட்டம் வந்தது. மாநிலங்கள் கேட்டால் மத்திய அரசு ஒரு நதிக்கு வாரியம் அமைக்கலாம் என்கிறது சட்டம். இத்தனை வருடத்தில் அதன்படி ஒரு வாரியம்கூட அமையவில்லை. தென் மண்டலக் கவுன்சிலில் பேசலாம், ஆனால் அது ஆலோசனை சொல்லும் சபைதான். கைவசம் உள்ள நல்ல அடித்தளம் அகத்தியமலை. 3,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம், இரு மாநிலத்திலும் விரிந்தது, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காட்டில் ஒன்றாக உட்கார முடிந்தவர்கள் தண்ணீருக்கும் உட்காரலாம்.

கேள்வி: எங்கள் கடலுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?
– மீனவர், புன்னைக்காயல்

பதில்: நடந்திருக்கிறது. 2009-ல் தொடங்கிய வங்காள விரிகுடாப் பெருங்கடல் சூழல் திட்டத்தில் இந்தியா, இலங்கை உட்பட 8 நாடுகள் சேர்ந்தன. உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் நார்வே, ஸ்வீடன் நாடுகளும் பணம் போட்டன.

கேள்வி: அரசாங்கம் எப்போது செய்யுமோ! நாங்கள் இன்று என்ன செய்ய முடியும்?
– இல்லத்தரசி, ஆழ்வார்திருநகரி

பதில்: உங்கள் வீட்டுச் சுவரில் 2023 வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தால், சுண்ணாம்பு அடிப்பதற்குள் அளந்துவிடுங்கள். வாசல்படியின் மேல்விளிம்பிலிருந்து கறை வரை எத்தனை சென்டிமீட்டர், தண்ணீர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வடிந்தது, இந்த மூன்றும் போதும். தெருப் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள், நான் படத்தில் குறிக்கிறேன். என் தங்கை வீட்டில் கறை சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. முதல் புள்ளியாக அதை வைத்துவிட்டேன்.