சோற்றுப் பசையில் ஒட்டிய கிரிக்கெட் அட்டைகள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1987 உலகக் கோப்பை சமயத்தில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தேன். நடுவே ஆரஞ்சு மிட்டாய்த் தாள்களும் உண்டு. ஓரத்தில் பென்சிலால் ரன் கணக்கு எழுதியிருக்கிறேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இப்போது கிடைத்தது. பூஞ்சையும் துருக்கறையுமாக இருக்கிறது. அட்டைகளைப் பிரித்து லேமினேட் செய்யலாமா?"

இரண்டுமே வேண்டாம். லேமினேஷன் பிளாஸ்டிக் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளிருக்கும் ஈரமும் அங்கேயே அடைபடும்.

உங்கள் ஊரில் தாளுக்கு எமன் உப்புதான். கடற்காற்றோடு வரும் உப்பு தாளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாக நீரை இழுத்துக் கசியும். கார்த்திகை மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான். பூஞ்சைக்கு 65, 70 சதவீதமே போதும். ஆகவே மழைக்காலத்தில் நோட்டைத் தொடாதீர்கள், தை பிறக்கட்டும்.

சோற்றுப் பசை என்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். ஈரம் பட்டால் இளகும், தேவைப்பட்டால் பின்னாளில் பிரித்துக்கொள்ளலாம். காய்ந்த ஃபெவிகாலில் அந்த வசதி கிடையாது. ஆனால் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குச் சோற்றுப் பசை விருந்து. என்னிடம் வந்த ஒரு நோட்டில், அட்டைக்கு அடியில் முழுச் சோற்றுப் பருக்கை ஒன்று நசுங்கிக் கண்ணாடிபோல் காய்ந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பூச்சி தாளைச் சுரண்டித் தின்று, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும் அளவுக்கு மெலிதாக்கியிருந்தது.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்யுங்கள், முடியாவிட்டால் போட்டோவாவது எடுங்கள். அப்புறம் நிழலில் விரித்து நன்றாகக் காயவிடுங்கள். வெயில் கூடாது, சாயம் வெளுத்துவிடும். பூஞ்சை பொடியாக உதிரும் அளவுக்குக் காய்ந்ததும், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம். பூச்சி இருந்தால் நோட்டைக் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் வேர்க்கும்.

மிட்டாய்த் தாளில் ஒட்டியிருக்கும் சர்க்கரை எறும்பை இழுக்கும், ஈரத்தையும் இழுக்கும். கழுவ வேண்டாம், எதிர்ப் பக்கத்தில் படாதபடி இடையில் ஒரு அமிலமற்ற தாள் வையுங்கள். அட்டையில் பபிள்கம் கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் அட்டைப் பாக்கெட்டில் பபிள்கம் வைப்பதை 1990களின் தொடக்கத்தில் கைவிட்டதற்கு அந்தக் கறையும் ஒரு காரணம். தொதல் இனிப்பைத் தின்ற கையோடு நோட்டைத் தொடாதீர்கள், அந்த எண்ணெய் தாளில் ஏறினால் இறங்காது.

டிரங்குப் பெட்டி இனி வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நிறம் பச்சையானால் 100 முதல் 120 டிகிரி சூட்டில் ஓவனில் உலர்த்தி மறுபடி போடலாம். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் அமிலம் கக்கும். பூச்சிக்கு வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து டப்பாவின் மூலையில் போடுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைக்கும் முடிச்சிலும் வசம்பு உண்டு.

பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வது அந்தப் பென்சில் கணக்குக்காகவும்தான். அட்டையைத் தனியாக எடுத்தால், இந்த ரன்னை எந்த அட்டைக்காக எழுதினீர்கள் என்பது போய்விடும். ஏதாவது அட்டை தானாகக் கழன்றிருந்தால், சின்னத் தாள் உறையில் போட்டு அதே பக்கத்திலேயே வையுங்கள். அழிரப்பர் மட்டும் கிட்டேயே வர வேண்டாம்.