ஹைப்ரிட்டா, முழு ஃபோமா? மெத்தை பற்றிய வாசகர் கேள்விகள்

மெத்தை வாங்குவது குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மெத்தைத் தயாரிப்பையும் விற்பனையையும் நன்கு அறிந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீரில் கட்டிலும் மெத்தையும் கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில், “ஹைப்ரிட் எடுங்க, இப்போ அதுதான் போகுது” என்றார்கள். அடுத்த கடையில், “ஸ்பிரிங்கே வேண்டாம், முழு ஃபோம் போதும்” என்றார்கள். மாப்பிள்ளை வீடு குளச்சலில், கடற்கரைக்குப் பக்கத்தில். எதை வாங்குவது?
– வாசகி, தக்கலை

பதில்: முழு ஃபோம் வாங்குங்கள். வீடு குளச்சலில் இல்லாமல் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்போம்.

ஹைப்ரிட் என்பது ஸ்பிரிங்கும் ஃபோமும் சேர்ந்த மெத்தை. அடியில் ஒரு இஞ்ச் கெட்டி ஃபோம், நடுவில் ஐந்து, ஆறு இஞ்ச் உயரத்துக்கு பாக்கெட் ஸ்பிரிங், மேலே இரண்டு மூன்று இஞ்ச் ஃபோம் அல்லது லேட்டக்ஸ் (ரப்பர் பாலில் செய்த ஃபோம்). ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அதிகம் தெரியாது. ஸ்பிரிங்குகளுக்கு இடையே காற்று போகும். 80, 90 கிலோ எடையுள்ளவர் படுத்தாலும் இடுப்புப் பகுதி பள்ளமாகாமல் தாங்கும். ஊர் உள்பக்கமாக இருந்து, தம்பதியரில் ஒருவர் கனமாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்தால் நாங்களும் ஹைப்ரிட்டைத்தான் சொல்வோம்.

ஆனால் அந்த ஸ்பிரிங் இரும்புக் கம்பி. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜன்னல் கம்பியும் கேட் கொண்டியும் என்ன கதிக்கு ஆளாகின்றன என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்று துணிப்பைக்குள்ளும் போகும். போதாததற்கு ராத்திரி வியர்வை ஈரமும் மேலிருந்து இறங்கும். முதலில் புரளும்போது கிறீச்சென்று சத்தம் வரும். பிறகு அடிப்பக்கத் துணியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். துரு தின்று மெலிந்த கம்பி கடைசியில் ஒடிந்து, துணியைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஸ்பிரிங் குத்துகிறது என்று சொல்வது இதைத்தான். மாப்பிள்ளை வீட்டு ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் ஸ்பிரிங் மெத்தை அந்த வீட்டுக்கு வேண்டாம்.

முழு ஃபோமிலும் எல்லாம் ஒன்றல்ல. நாங்கள் சொல்வது: மொத்தம் ஆறு இஞ்ச். அடியில் நாலு இஞ்ச் 40 டென்சிட்டி (கனமீட்டருக்கு 40 கிலோ எடை) எச்.ஆர். ஃபோம், அதாவது அமுக்கினால் உடனே எழும்பும் ஹை ரெசிலியன்ஸ் ஃபோம்; மேலே இரண்டு இஞ்ச் லேட்டக்ஸ். லேட்டக்ஸ் பட்ஜெட்டுக்கு மேலே போனால் அந்த இரண்டு இஞ்சும் மென்மையான எச்.ஆர். ஃபோமாக இருக்கட்டும். மெமரி ஃபோமை ஒரு இஞ்சுக்கு மேல் ஏற்காதீர்கள். அது 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கையில் வைக்க உருவாக்கப்பட்ட பொருள். உடல் சூடு பட்டால் இளகும். ஏசி அறையில் சுகமாக இருக்கும். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், பங்குனி சித்திரை ராத்திரியில், ஆளை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு சூட்டைத் திரும்ப முதுகுக்கே தரும்.

கட்டிலுக்கு முன்னால் மெத்தை வாங்கிவிடாதீர்கள். கடைக் கட்டில்கள் 72, 75, 78 இஞ்ச் நீளத்தில் வரும். தேக்கிலோ அயினியிலோ ஆசாரி செய்யும் கட்டிலுக்கு அவர் கை அளவுதான் அளவு. கட்டில் வந்தபின் சட்டத்துக்கு உள்பக்க நீளம், அகலம் இரண்டையும் அளந்து, அதைவிட அரை இஞ்ச் குறைத்து ஆர்டர் கொடுங்கள். சரியாக அதே அளவில் எடுத்தால் பெட்ஷீட்டை உள்ளே சொருக விரல் போகாது.

ஒரு எச்சரிக்கை, ஹைப்ரிட் வாங்கப் போகும் மற்றவர்களுக்கு. பழைய பான்னெல் ஸ்பிரிங்கின் மேல் ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டி ஹைப்ரிட் என்று விற்பவர்களும் உண்டு. பான்னெலில் எல்லாச் சுருளும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். முஷ்டியால் ஒரே இடத்தில் அழுத்துங்கள். கை வைத்த இடம் மட்டும் இறங்கினால் பாக்கெட் ஸ்பிரிங். சுற்றிலும் ஒரு அடி சேர்ந்து தாழ்ந்தால் பான்னெல்.

கேள்வி: கடைக்காரர் 40 டென்சிட்டி என்று அடித்துச் சொல்கிறார். வெளியே துணி தைத்து மூடியிருக்கிறது. அவர் சொல்வது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தராசு போதும். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். மெத்தையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும். 78×60×6 மெத்தைக்கு 28,080, வகுத்தால் 0.46. அதை 40-ஆல் பெருக்கினால் 18.4 கிலோ, 32-ஆல் பெருக்கினால் 14.7 கிலோ. மேல்துணிக்கும் தையல் பஞ்சுக்கும் இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, 40 டென்சிட்டி மெத்தை இருபது, இருபத்தொரு கிலோ இருக்க வேண்டும். உறையோடு பதினாறுதான் வருகிறது என்றால் அது 40 அல்ல. உங்கள் ஊரில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளில் தட்டுத் தராசு இருக்கிறதே, மெத்தையைச் சுருட்டிக் கட்டி அதில் வைக்கலாம்.

இரண்டு விஷயம் இந்தக் கணக்கை ஏமாற்றும். ஃபோமில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்டுவது ஒன்று. ஜிப் இருந்தால் திறந்து, ஃபோமை விரலிடையில் கசக்கிப் பாருங்கள். மாவு ஒட்டினாலோ, அமுக்கியது எழும்பச் சோம்பினாலோ வேண்டாம். இன்னொன்று பாண்டட் ஃபோம், அதாவது வெட்டுத்துண்டுகளை ஒட்டி அழுத்தியது. பல நிறப் பொட்டுகளோடு இருக்கும், 80, 100 டென்சிட்டி என்பது அதற்குச் சாதாரணம். அடித்தளமாக இரண்டு இஞ்ச் இருந்தால் குறையில்லை. முழு மெத்தையும் அதுவே என்றால் பலகையில் படுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அடுக்கடுக்கான மெத்தை என்றால் ஒவ்வொரு அடுக்கின் உயரமும் டென்சிட்டியும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். டென்சிட்டி அதிகம் என்றால் கெட்டி என்று நினைக்க வேண்டாம். அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கான அடையாளம். மென்மையான 40-உம் உண்டு, கல் போன்ற 28-உம் உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, நாள்பட்ட இடுப்பு வலி. வைத்தியர் தந்த தைலத்தைத் தினமும் ராத்திரி தேய்த்துக்கொண்டு படுப்பார். கெட்டியான மெத்தைதான் நல்லது என்கிறார்கள். லேட்டக்ஸ் வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தைலம் தேய்க்கும் பழக்கம் இருக்கும்வரை லேட்டக்ஸ் வேண்டாம். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் இறங்கிய இடம் முதலில் ஊதிப் பிசுபிசுக்கும், பிறகு பொடியும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், தைலம் எல்லாம் ஒன்றுதான். சரியாக இடுப்பு படும் இடத்தில், எங்கே தாங்கல் அதிகம் வேண்டுமோ அங்கேயே மெத்தை கெடும். எச்.ஆர். ஃபோம் எண்ணெயை இதைவிடத் தாங்கும். அதற்கும் மேலே, பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பருத்தி டவல் துணி புரொடெக்டர் (மெத்தை மேலுறை) போடுங்கள். வெறும் ரெக்சின், பாலிதீன் விரித்தால் வியர்த்துக் கொட்டும், முதியவர்களுக்குத் தோல் புண்ணாகும். தைலம் தேய்த்து அரைமணி நேரம் கழித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டுப் படுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

கெட்டி மெத்தை பற்றி: 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் தந்து 90 நாள் பார்த்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது நடுத்தரக் கெட்டிக்காரர்களுக்குத்தான். பலகையில் படு என்ற பழைய அறிவுரையை விட்டுவிடலாம். கடையில் அப்பாவை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போனால் அதிகக் கெட்டி. நுழையவே இல்லை, இடுப்பு புதைந்திருக்கிறது என்றால் அதிக மென்மை. லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஒரு நிமிடம் பத்தாது, பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உயரத்தையும் கவனியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து 18 முதல் 20 இஞ்ச் பெரும்பாலோருக்குச் சரி. 14 இஞ்ச் கட்டிலில் பத்து இஞ்ச் மெத்தை போட்டால் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது குதித்துத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: நம் தோட்டத்து ரப்பர் பாலில்தானே லேட்டக்ஸ் மெத்தை செய்கிறார்கள்? நார் மெத்தையையும் ரப்பர் மெத்தை என்றே விற்கிறார்கள். அசலை எப்படி அறிவது?
– வாசகர், குலசேகரம்

பதில்: மூலப்பொருள் அதே பால்தான். மரத்தில் வெட்டி எடுக்கும் பாலில் ரப்பர் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அமோனியா சேர்த்து, எந்திரத்தில் சுழற்றி, 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்குவார்கள். அதைச் சோப்பு, கந்தகம் முதலியவை சேர்த்து நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி நீராவியில் வேக வைத்தால் லேட்டக்ஸ் ஃபோம். டன்லப் கம்பெனியில் 1929-இல் கண்டுபிடித்த முறை இது. அச்சுக்குள் வரிசையாகக் கம்பிகள் நிற்பதால் மெத்தை முழுக்கப் பென்சில் போகும் அளவில் ஓட்டைகள் இருக்கும்.

நார் மெத்தை வேறு. சுருட்டிய தேங்காய் நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திய பலகை அது. காற்றோட்டம் உண்டு, விலை குறைவு, வாங்கிய புதிதில் கெட்டியாக இருக்கும். படுக்கப் படுக்க நார் ஒடிந்து, இடுப்புப் பக்கம் குழியாகி, கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் ஆயுள் நீளும்.

அசல் லேட்டக்ஸ் கனமானது: 65 முதல் 85 டென்சிட்டி. 78×60×6 அளவில் முழு லேட்டக்ஸ் 30 முதல் 39 கிலோ வரும். மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். 20 கிலோ மெத்தையை லேட்டக்ஸ் என்றால், ஃபோமின் தலையில் ஒரு இஞ்ச் லேட்டக்ஸ் இருக்கலாம், அவ்வளவுதான். செயற்கை ரப்பர் கலந்ததும் லேட்டக்ஸ் என்றே விலைபோகிறது, எனவே இயற்கை எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இலவம்பஞ்சு மெத்தையைக் காய வைப்பது மாதிரி இதை வெயிலில் போடாதீர்கள். ரப்பர் ஷீட் அதிக வெயிலில் கிடந்தால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். லேட்டக்ஸும் மேல்பக்கம் இறுகி வெடிக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

கேள்வி: ஆனி, ஆடிச் சாரல் முடிந்து பார்த்தால் மெத்தையின் அடிப்பக்கம் கரும்பூஞ்சை. சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். மெத்தை மட்டமா?
– வாசகி, திற்பரப்பு

பதில்: மெத்தைமேல் குற்றமில்லை. உடலிலிருந்து இறங்கும் ஈரம் பிளைவுட்டில் தட்டி நிற்கிறது. போக வழி இல்லை. பிளைவுட்டில் ஆறு இஞ்சுக்கு ஒன்றாக, ஒரு இஞ்ச் அகல ஓட்டை போடச் சொல்லுங்கள். சட்டங்கள் போட்ட கட்டில் இன்னும் நல்லது, இடைவெளி மூன்று இஞ்சைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோம் சந்துக்குள் இறங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் மெத்தையைச் சுவரில் சாய்த்து மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். தரையில் மெத்தை போடுபவர்களுக்கும் இதே தொல்லைதான், அவர்கள் தினமும் தூக்கி வைக்க வேண்டும். மேலாகப் படிந்த பூஞ்சையை வாசலில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காய வைக்கலாம். ஃபோமுக்குள் கறுப்பு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், வீட்டில் மூச்சிழுப்பு உள்ளவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் சுருட்டி அனுப்பும் ஹைப்ரிட் வாங்கினேன். பிரித்து ஒரு நாளாகிறது, ஓரம் இன்னும் எழும்பவில்லை, வாசனையும் வருகிறது. திருப்பி அனுப்பலாமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: 48 மணி நேரம் பொறுங்கள். அழுத்திச் சுருட்டிய ஃபோம் மெல்லத்தான் விரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், உங்கள் ஊர்க் காற்றுக்கு வாசனை நாலைந்து நாளில் போய்விடும். மூன்றாம் நாளும் ஓரம் ஒரு இஞ்ச் தாழ்ந்திருந்தால் புகார் செய்யுங்கள். அதுவரை புரொடெக்டர் இல்லாமல் யாரும் படுக்க வேண்டாம். கறை பட்டால் பல கம்பெனிகள் திரும்ப எடுப்பதில்லை.

பள்ளம் விழுந்தால் வாரன்டி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மெத்தையின் குறுக்கே நேரான கம்பு வைத்து, பள்ளத்தின் அடியிலிருந்து கம்பு வரை ஸ்கேலால் அளந்து, ஸ்கேல் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஒரு இஞ்ச் அல்லது ஒன்றரை இஞ்ச் பள்ளத்துக்கு மேல்தான் ஏற்பார்கள், அது வாரன்டி அட்டையில் இருக்கும். கட்டில் சட்டத்தையும் படம் கேட்பார்கள், நடுச்சட்டம் உடைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அளந்து பாருங்கள். ஹைப்ரிட்டைத் தலைகீழாகப் புரட்ட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பிப் போடுங்கள்.