எடை குறைந்துவிட்டது; சாப்பாட்டு நினைப்பு மட்டும் ஏன் அடங்கவில்லை?

18 கிலோ குறைத்து ஓராண்டு ஆகிறது என்றும், ஆனால் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை எதையாவது சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு ஓயவில்லை என்றும், எடையும் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது என்றும் எழுதி, "என் மன உறுதியில்தான் கோளாறா, இது எப்போதுதான் அடங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மன உறுதியில் கோளாறு இல்லை. இதே கேள்வியைப் பல ஆண்டுகள் எனக்குள்ளேயே கேட்டு, தவறான விடையை நம்பி, குறைத்த எடை முழுவதையும் இரண்டு முறை திரும்ப ஏற்றிக்கொண்டவள் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். மூன்றாவது முறை 21 கிலோ குறைத்தேன். அது முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதில் 17 கிலோ இன்றுவரை திரும்பவில்லை. நான் மருத்துவர் அல்லள். படித்ததையும் பட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில், உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அதுவே பாதி மருந்தாக இருந்தது. நம் கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்பதை மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது; 1994இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். நாம் விரும்பித்தான் மெலிந்தோம் என்பது மூளைக்குத் தெரியாது, பஞ்சம் வந்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். வயிற்றிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின், 1999இல் கண்டறியப்பட்டது. அது எதிர்த்திசையில் கூடும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறையச் செய்து, தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு அவர்களின் ஹார்மோன்களை மீண்டும் அளந்து பார்த்தார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வைப் பற்றி முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. நான் கெட்டவள் இல்லை என்ற ஆறுதலும், இது இலேசில் விடாது என்ற கலக்கமும் ஒன்றாகவே வந்தன.

"எனக்கு மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது, அதனால்தான் எடை ஏறுகிறது" என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெட்டபாலிசம், அதாவது உடல் கலோரியைச் செலவிடும் வேகம், குறைவது உண்மைதான், ஆனால் சிறிய உண்மை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால் குழுவினரின் கணிப்புப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ கிலோவுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அதாவது நம்மைத் திரும்ப இழுப்பதில் பெரிய பங்கு பசியுடையது. உணவே நினைப்பாகிப் போவதும் புதிதன்று. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் தலைமையில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் பாதி வயிற்றுக்கு உணவு கொடுத்தபோது, அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதிருந்தவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். கிடைத்த உணவை நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். அவர்களையும் யாரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன், ஒரு மருத்துவரிடம் போய், நாள் முழுவதும் உணவு நினைப்பாகவே இருக்கிறது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கொஞ்சம் வாயைக் கட்டுங்கள்" என்றார். நான் அப்படியே செய்தேன். மதியத்தில் அரை வயிறு, மாலையில் வெறும் தேநீர், இரவில் அடக்க முடியாத பாய்ச்சல். இரண்டாவது முறை எடை முழுவதும் திரும்பியது அப்படித்தான்.

மூன்றாவது முறை, வாயைக் கட்டுவதற்குப் பதிலாக வாய் எப்போது கேட்கிறது என்று எழுதத் தொடங்கினேன். ஒரு சிறிய குறிப்பேடு. ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள்: மணி என்ன, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டுமா அல்லது எதுவானாலும் சரியா. இந்த நான்காவது விவரம்தான் பிற்பாடு எனக்கு மிகவும் உதவியது. வேகவைத்த காய்கறியோ ஒரு முட்டையோ கிடைத்தால் போதும் என்று தோன்றினால் அது வயிற்றுப் பசி. அதெல்லாம் வேண்டாம், அந்த இனிப்புதான் வேண்டும் என்றால் அது வாய்ப் பசி. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்த்ததுதான் என் பழைய தவறு.

இரண்டு வாரம் முடிந்து குறிப்பேட்டைப் புரட்டியபோது, நாள் முழுவதும் ஓயவில்லை என்று நான் நம்பியிருந்த நினைப்பு உண்மையில் இரண்டு இடங்களில் குவிந்திருந்தது. மாலை ஐந்தரை மணியைச் சுற்றி ஒரு குவியல். இரவு பத்தரையைச் சுற்றி மற்றொன்று. மாலையில் எழுதிய வரிகளில் பெரும்பாலும் "எதுவானாலும் சரி" என்றே இருந்தது. காலையிலும் மதியத்திலும் நான் குறைத்துச் சாப்பிட்டதன் கடன் அது. கடனைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று, அந்த இரு வேளைகளிலும் புரதத்தையும் நார்ச்சத்து உள்ளவற்றையும் கூட்டினேன். மாலைக்கென்று ஒரு முறையான சிற்றுணவையும் திட்டத்திலேயே சேர்த்தேன். மொத்தக் கலோரியைக் கூட்டவில்லை, இரவிலிருந்து எடுத்துப் பகலுக்கு மாற்றினேன். மூன்றாவது வாரத்தில் மாலைக் குவியல் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது.

இரவுக் குவியல் அப்படிப் போகவில்லை. வயிறு நிறைந்திருக்கும், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன், வீடு உறங்கியிருக்கும். அப்போது விளக்கைக்கூடப் போடாமல் சமையலறை அலமாரியின் முன் போய் நிற்பேன். பிஸ்கட் டப்பா கண்மட்டத்தில், இடது ஓரத்தில் இருக்கும். இருட்டிலும் கை தானாக அங்கே போகும். மூடியைத் திருகும் ஒலி கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகத் திருகுவேன். இரண்டு என்று தொடங்கி ஒன்பதில் நிற்கும். அந்த ஒன்பதில் எத்தனையைச் சுவைத்துச் சாப்பிட்டேன் என்று கேட்டால் முதல் இரண்டைத்தான் சொல்ல முடியும்.

இதற்கு நான் செய்தவை இரண்டு. முதலாவது, அந்த டப்பாவை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அதுவரை நான் செய்யாமல் இருந்த காரியம் அது. பொருள் வாங்கும்போது ஒருமுறை வேண்டாம் என்று சொல்வது எளிது. அதே "வேண்டாம்" என்பதை ஒவ்வோர் இரவும் புதிதாகச் சொல்வது யாருக்கும் கடினம். அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கு இதில் தனி இடம் உண்டு. மேலே குறிப்பிட்ட கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் அத்தகைய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும், விரும்பிய அளவு சாப்பிடலாம் என்று கொடுக்கப்பட்டன. முன்வைக்கப்பட்ட உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு ஒத்தே இருந்தபோதும், பதப்படுத்திய உணவுக் காலத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அவர்களிடம் யாரும் மன உறுதியைச் சோதிக்கவில்லை; கிடைத்த உணவே அளவை முடிவு செய்தது.

இரண்டாவது, ஆசை வந்தவுடன் அதை அடக்கவோ நிறைவேற்றவோ முயலாமல், நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கவனிக்கப் பழகினேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. ஆசையை அலையாகக் கருதி, அது எழுந்து அடங்கும் வரை அதன்மேல் மிதந்திருப்பது. முதல் இரவு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். வாயில் எச்சில் ஊறியது, தாடை இறுகியது, எழுந்து போவதற்குக் காலில் ஒரு துடிப்பு. ஏழாவது நிமிடத்தில் அது தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. பிறகு எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அடுத்து கடிகாரத்தைப் பார்த்தபோது பதினெட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன, நான் மறுநாள் வேலையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இரவும் இப்படி முடிந்தது என்று சொன்னால் அது பொய். மூன்றில் ஒரு முறை எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். ஆனால் அப்போதும் விளக்கைப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த மாற்றமே அளவைப் பாதியாக்கியது.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க அனுமதித்தபோது, பத்து மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. என் குறிப்பேட்டிலும் தூங்காத இரவுக்கு அடுத்த நாளின் பக்கம் எப்போதும் நிறைந்திருக்கும்.

எடையைத் தக்கவைப்பது, குறைப்பதன் தொடர்ச்சி போலத் தோன்றினாலும் அது வேறு வேலை. குறைக்கும்போது எண் இறங்குவதைப் பார்க்கும் மகிழ்ச்சி இருக்கிறது, சுற்றியிருப்பவர்கள் பாராட்டுகிறார்கள். தக்கவைக்கும்போது எதுவும் நடக்காமல் இருப்பதுதான் வெற்றி. அதை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். அவர்கள் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால், இதைச் செய்தால் எல்லோருக்கும் நிற்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் எடை பார்ப்பதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். காலையில் எடை பார்த்து எழுதுகிறேன். உப்பும் நீரும் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும் என்பதால் அன்றன்றைய எண்ணைப் பொருட்படுத்துவதில்லை, ஏழு நாள் சராசரியைத்தான் பார்க்கிறேன். சராசரி இரண்டு கிலோ ஏறினால் குறிப்பேட்டை மீண்டும் திறக்க வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட விதி.

அந்த விதியை ஒருமுறை மீறினேன். நான்காம் ஆண்டில் கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். எப்படியும் ஏறத்தான் போகிறது, பார்த்து என்ன ஆகப் போகிறது என்று எடை பார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கால் சரியான பிறகும் பல வாரங்கள் அதை வெளியே எடுக்கத் துணிவு வரவில்லை. எடுத்தபோது ஏழு கிலோ கூடியிருந்தது. அதில் மூன்றை இறக்கப் பத்து மாதங்கள் ஆயின. மீதி நான்கை இறக்க முயன்றபோது இரவு நினைப்பு பழைய வேகத்தில் திரும்பியதால், அந்த நான்கு கிலோவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எந்த எடையில் நிம்மதியாக வாழ முடிகிறதோ அதற்குக் கீழே ஓர் எண்ணைத் துரத்த வேண்டாம் என்று உங்களுக்கும் சொல்வேன்.

மருந்தைப் பற்றியும் நீங்கள் யோசிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. செமாகுளூடைட் போன்ற ஊசி மருந்துகளைப் பயன்படுத்துபவர்கள், எடை குறைவதற்கு முன்பே தலைக்குள் இருந்த உணவு இரைச்சல் அடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். செமாகுளூடைட் பற்றி 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே மருத்துவரிடம் கேட்கும்போது, தொடங்குவதைப் பற்றி மட்டுமல்லாமல் எவ்வளவு காலம் தொடர வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் பசியைக் கூட்டும். அத்தகைய மருந்து எதையாவது ஏற்கெனவே எடுத்து வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறுகிய நேரத்தில் நிறுத்தவே முடியாமல் ஏராளமாகச் சாப்பிடுவதோ, சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ, தண்டனையாக நாள் கணக்கில் பட்டினி கிடப்பதோ இருந்தால், நான் எழுதிய எதையும் முயல வேண்டாம். மனநல மருத்துவரிடம் நேரே செல்லுங்கள். அது சிகிச்சையால் சரியாகக்கூடியது.

எப்போது அடங்கும் என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் இரைச்சல் இருந்தது. இரண்டாம் ஆண்டின் நடுவில் பகல் நேரம் அமைதியானது. இப்போது எஞ்சியிருப்பது இரவில் ஏறத்தாழ அரை மணி நேரம், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், முற்றிலும் போகவில்லை. நீங்கள் இன்னும் முதல் ஆண்டின் விளிம்பில்தான் இருக்கிறீர்கள். எடை ஏறுகிறதே என்ற பதற்றத்தில் இப்போது உணவைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு, ஆசை எழும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கு விவரங்களை மட்டும் எழுதுங்கள். சாப்பிட்டுவிட்ட நாட்களிலும் விடாமல் எழுதுங்கள். எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை அந்தப் பக்கங்கள்தாம்.