நடவு இயந்திரம், உளிக் கலப்பை, சொட்டுநீர்: மதுரை வட்டார விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர்ப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மேலூர்: ஐயா, எனக்கு ஒன்றே கால் ஏக்கர் நெல் வயல். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. இவ்வளவு சிறிய நிலத்துக்கு நடவு இயந்திரம் கட்டுப்படியாகுமா?

தனியாகக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து கூப்பிட்டால் ஆகும். மேலூரில் 85 ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒருபோகப் பாசனம். வைகை அணையின் நீர்மட்டம் பார்த்துத்தான் பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே தண்ணீர் வருகிறது. வந்த வாரமே எல்லோரும் தொளியடிக்கிறார்கள் (வயலில் நீர் கட்டிச் சேறாக உழுகிறார்கள்), எல்லோருக்கும் ஒரே நாளில் இயந்திரம் வேண்டும். ஒரு மடையில் பாயும் வயல்காரர்கள் கூடிப் பேசி, முன்கூட்டியே வரிசை வைத்துக்கொண்டால் இயந்திரத்தை வாடகைக்கு விடுபவர் தேடி வருவார்.

இயந்திரத்தைவிட நாற்றங்கால்தான் பலரைக் கைவிடுகிறது. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். மேட்டுப்பாத்தியில் பிளாஸ்டிக் விரித்து, சலித்த மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, முளைகட்டிய விதையைச் சீராகத் தூவி, வைக்கோல் மூடிப் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதினைந்து முதல் பதினெட்டு நாளுக்குள் நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் வேர்கள் பின்னிக்கொள்ளும், இயந்திரத்தின் விரல்கள் பிய்த்து எடுக்கும்போது நாற்று அறுபடும். கால்வாய்த் தண்ணீர் தள்ளிப்போனால் அத்தனையும் வீண். அதனால் கிணறு உள்ளவர் நிலத்தில், ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணையாகப் பாவுங்கள்.

தொளியடித்த அன்றே இயந்திரத்தை இறக்காதீர்கள். ஒரு நாளாவது சேறு படியட்டும். இல்லையென்றால் நாற்று சேற்றுக்குள் போய்விடும். நடும்போது தண்ணீர் மண்ணை மூடினால் போதும், தேங்கி நிற்கக் கூடாது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரகத்தையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். நீங்கள் கோ 51 போட்டு, பாதைப்பக்கத்துக்காரர் ஆந்திரா பொன்னி போட்டால், உங்கள் கதிர் மூன்றரை மாதத்தில் முற்றிவிடும், அவருடையதற்கு ஏறக்குறைய ஐந்து மாதம். அறுவடை இயந்திரம் அவர் பயிர் மேல் ஏறியா வர முடியும்? முற்றிய கதிர் உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நம் பக்கத்துச் சிறு நிலங்களுக்கு நவீன விவசாயம் தனி ஆளாக வராது, மடை மடையாகத்தான் வரும்.

திருமங்கலம்: கரிசல் காடு. எட்டு ஆண்டாக ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை)தான் ஓட்டுகிறோம். மண் மாவாக இருக்கிறது, ஆனால் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது, நாலு நாள் வெயிலுக்குப் பயிர் வாடுகிறது. என்ன காரணம்?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ரோட்டவேட்டர் மேலே நாலைந்து அங்குலம்தான் கிண்டும். அதன் கீழே, டிராக்டர் எடையும் கத்தி அடியும் சேர்ந்து மண்ணை இறுக்கிவிடுகின்றன. மழைநீர் அந்த இறுகிய தட்டைத் தாண்டி இறங்காது, வேரும் இறங்காது.

நீங்களே சோதிக்கலாம். மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியைக் காட்டில் குத்திப் பாருங்கள். அரை அடிக்குள் முட்டி நின்றால் தட்டு இருக்கிறது. பருத்தி மாரை (காய்ந்த செடியை) வேரோடு பிடுங்கியும் பார்க்கலாம். ஆணிவேர் நேராகப் போகாமல் கொக்கி போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஆழமாக இறங்கித் தட்டை உடைக்கும் உளிக் கலப்பை போடுங்கள். ஈரத்தில் போட்டால் தட்டு உடையாது, கலப்பை கோடு கிழித்துவிட்டுப் போகும். மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை போதும். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ரோட்டவேட்டரை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒவ்வொரு உழவுக்கும் அது வேண்டாம். மற்ற உழவுகளுக்குக் கொத்துக் கலப்பை இருக்கிறது.

உசிலம்பட்டி: மல்லிகைக்குச் சொட்டுநீர் போடலாமா? மானியம் எவ்வளவு?

கட்டாயம் போடுங்கள். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், ஆதார், நில வரைபடம் ஆகியவற்றை எடுத்துவையுங்கள்.

போட்டபிறகு கவனிக்காமல் விடுவதுதான் பெரும் கேடு. கிணற்று நீரில் உப்பு இருந்தால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள், குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாத தோட்டங்களில் குழாய் சுருட்டி வரப்பில் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. அது மக்கள் வரிப்பணம்.

பேரையூர்: ட்ரோனில் மருந்து தெளிக்கலாமா?

ஆள் நுழைய முடியாத அளவு வளர்ந்த மக்காச்சோளத்துக்கு நல்லது. ஏக்கருக்குச் சுமார் பத்து லிட்டர் தண்ணீரே போதும். காற்று வீசும் நேரத்தில் வேண்டாம். கண்மாய், பட்டுப்புழு மல்பெரி, தேனீப் பெட்டி பக்கத்தில் இருந்தால் அங்கே வேண்டவே வேண்டாம். ஓட்டுபவரிடம் உரிமச் சான்று கேளுங்கள்.

வாடிப்பட்டி: ஐயா, நான் நடவுக்குப் போகிற பெண். எல்லோரும் இயந்திரம் வாங்கினால் எங்கள் கதி?

அம்மா, இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வந்தபோது யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கருதறுப்புக் கூலியாக வீட்டுக்கு வந்த நெல் அதோடு நின்றது. அந்த நெல்தான் பல மாதங்களுக்கு அடுப்பெரித்தது. மானியக் கணக்குப் பேசுகிற எவரும் அந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடவிலும் அப்படி நடக்க வேண்டியதில்லை. பாய் நாற்றங்கால் தயாரிப்பது நுணுக்கமான கைவேலை, அதை உங்களைவிடச் சரியாகச் செய்பவர் யார்? உங்கள் மகளிர் குழு ஏக்கர் கணக்கில் விலை பேசி நாற்று வளர்த்துக் கொடுக்கலாம். மேலூர்க்காரருக்குச் சொன்னேனே, மடை மடையாகக் கூடி முடிவு செய்யச் சொல்லி, அந்தக் கூட்டத்தில் நடவுப் பெண்களுக்கும் இடம் வேண்டும். நாற்று ஒப்பந்தத்தை முதலில் அவர்களுக்குக் கொடுக்காமல் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இது எல்லோருடைய வேலையையும் ஈடுகட்டிவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

டி.கல்லுப்பட்டி: படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். குதிரைவாலியை அரிசியாக்கி விற்க ஆசை. எதை முதலில் வாங்குவது?

கல் நீக்கும் இயந்திரத்தை வாங்குங்கள், தம்பி. உமி நீக்கும் இயந்திரத்துக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் அந்த வீட்டில் அடுத்த மாதம் வாங்க மாட்டார்கள். கல் நீக்கி, சலித்துத் தரம் பிரித்து, பிறகு உமி நீக்க வேண்டும். குறுந்தொழிலாக உணவு பதப்படுத்துவோருக்கு 35 சதவீத மானியத்தில், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று வந்தது. மாவட்ட வேளாண் வணிக அலுவலகத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேளுங்கள்.

அரிசியாக்கி மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். உமியோடு தானியமாக இருப்பு வைத்து, ஆர்டர் வந்தபின் அரைத்துக் கொடுங்கள்.