தட்டணு இருக்கட்டும், ஹீமடோக்ரிட் எவ்வளவு?

கேள்வி: என் கணவர் டெங்குவுக்காக மருத்துவமனையில் இருக்கிறார். ஐந்தாம் நாளான இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000-க்கு இறங்கிவிட்டன. ரத்தம் உறையும் நேரமும் சற்றுக் கூடியிருக்கிறதாம். எங்கும் ரத்தக்கசிவு இல்லை. "உடனே தட்டணு ஏற்றணும், நான் ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் விடாமல் போன் செய்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த போனை எடுக்காதீர்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 38,000 இருக்கும்போது தட்டணு ஏற்றத் தேவையில்லை. ரத்தக்கசிவு தொடங்கினால் கதை வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார், தரகர் அல்ல.

டெங்குவில் எலும்பு மஜ்ஜை தட்டணுக்களைக் குறைவாகத் தயாரிக்கிறது, இருப்பவையும் வேகமாக அழிகின்றன. வெளியிலிருந்து ஏற்றுபவற்றுக்கும் அதே கதிதான். 20,000-க்கு இறங்கிய பெரியவர்களுக்குக்கூட முன்னெச்சரிக்கையாக ஏற்றியதில் ரத்தக்கசிவு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இது. இத்தனை வருடம் கழித்தும் எண்ணைக் காட்டிக் குடும்பங்களை ஓடவிடுகிறார்கள்!

உறையும் நேரம் கொஞ்சம் நீள்வதும் டெங்குவில் சகஜம். அதை மட்டும் பார்த்து பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்ற மாட்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் உண்மையில் கண்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகலாம். அதைச் சொல்வது ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்; ரத்தம் கெட்டியானால் அது ஏறும். ரிப்போர்ட்டில் தட்டணு சிவப்பு எழுத்தில் மிரட்டும். ஹீமடோக்ரிட் ஒரு மூலையில் கிடக்கும், யாரும் விளக்க மாட்டார்கள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று நீங்களே கேளுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், கறுப்பு மலம் என்று எதைக் கண்டாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இந்த நீர்க்கசிவைக் கவனிக்காமல் அதிர்ச்சி நிலை (ரத்த ஓட்டம் உறுப்புகளுக்குப் போதாமல் போவது) நீடித்தால்தான் உறைதல் நிஜமாகவே குலைந்து ரத்தம் கொட்டும்.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். தசையில் போடும் ஊசியும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர் என்றால், "ஆஸ்பிரின் ஆகாது" என்று படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், தொடர்ந்தால் ரத்தம் கசியலாம். ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். உங்கள் கணவர் அப்படிப்பட்டவரா? மாத்திரைச் சீட்டை இன்றே வார்டு மருத்துவரிடம் காட்டி, இதய மருத்துவரிடமும் பேசச் சொல்லுங்கள்.