வீட்டுப் பின்வளவுக்கு வரும் ரக்கூன்களைப் பயமில்லாமல் பார்த்துப் படம் எடுக்க முடியுமா?

முடியும். சாப்பாடு வைக்காமல் முடியும். இதே கேள்விக்கு ஒருவர் "டெக்கில் பூனைச் சாப்பாடு வையுங்கள், தானாக வந்து போஸ் கொடுக்கும்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் இடத்தைச் சொல்லவில்லை. கனடாவில் ரொறன்ரோ, ஸ்காபரோப் பக்கம் வீடு எடுத்து, இரவில் வேலியில் இரண்டு கண் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குக் கிட்ட இருக்கிறேன். 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோவில் சொந்த வளவுக்குள்கூடக் காட்டு விலங்குகளுக்கு உணவு வைக்கக் கூடாது, நகரசபை விதி. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும். அந்த எச்சத்தில் இருக்கும் உருளைப்புழு முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையைக்கூடப் பாதிக்கலாம். மண்ணளைந்து வாயில் கைவைக்கிற வயதுக் குழந்தை உள்ள வீட்டில், ஒரு படத்துக்காக அவற்றைக் கூப்பிட்டுப் பழக்குவதை என்னால் ஏற்க முடியாது.

என் அனுபவம் இது. பக்கத்து வீட்டு அண்ணையின் கராஜ் கூரைக்குள் ஒரு மே மாதம் தாய் ரக்கூன் குட்டி போட்டுவிட்டது. இரவெல்லாம் கீச்சுச் சத்தம். அவர் யாரோ சொன்ன ஆள் ஒருவரைப் பேசி, தாயைப் பொறி வைத்துப் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்திருந்தார். நான் போய்க் கதைத்தேன். "அண்ணை, தாயைக் கொண்டுபோனால் குட்டியள் உங்கட கூரைக்குள்ளேயே பட்டினியில சாகும். ஒன்ராறியோவில பிடிச்ச இடத்திலயிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அங்கால விடவும் சட்டத்தில இடமில்லை" என்றேன். முகம் கொடுக்காமல்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார். கராஜுக்குள் பிரகாசமான விளக்கு ஒன்றும், ஆட்கள் கதைக்கிற நிகழ்ச்சி போகும் றேடியோ ஒன்றும் போட்டுவிட்டோம். இருட்டும் அமைதியும் போய்விட்டால் தாய் தானே இடம் மாறும். அதற்கு வேறு பொந்துகளும் தெரிந்திருக்கும்.

மாறியது. நான் எங்கள் மேல்மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கமராவோடு யன்னலில் நின்றேன். குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு தலைகீழாக இறங்கியது. பின்னங்காலைப் பின்பக்கமாகவே திருப்பக்கூடிய கணுக்கால் அதற்கு. வேலி மேலால் நடந்து, மேப்பிள் மரத்துக்கு அங்கால் மறைந்து, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கியது. 4 குட்டிகள். தகப்பன் பக்கத்திலேயே இல்லை. ரக்கூன்களில் வளர்ப்பு முழுவதும் தாய்தான். அண்ணையும் மனைவியும் தங்கள் யன்னலில் நின்று பார்த்தார்கள். குட்டி ஒன்றும் உள்ளே மிஞ்சவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கூரை ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தார்.

"உன் கூரை உடைந்திருந்தால் இப்படிப் பேசுவாயா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூரை திருத்தும் செலவு எனக்கும் தெரியும். நான் விலங்கியல் படித்தவளும் இல்லை. ஆனால் அன்று நான் எடுத்து இணையத்தில் போட்ட படத்தின் கீழே "சாப்பாடு வைத்து எடுத்தது" என்று எழுதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அன்று அங்கே ஒரு பருக்கைகூட இல்லை.

அதே படத்தை ஓர் ஊர்ச்சங்க ஆண்டு மலரில் என்னைக் கேட்காமல் போட்டு, "நன்றி: இணையம்" என்று அச்சடித்தார்கள். கேட்டால், "ரக்கூன் படம்தானே தங்கச்சி" என்றார்கள். கவிதைக்குப் பெயர் போடுகிறார்கள், விளம்பரம் தந்தவருக்கு முழுப்பக்கம் போடுகிறார்கள், படம் எடுத்தவருக்கு ஒரு வரி போட மனமில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் நீங்களும் எடுத்துப் பகிரத்தான் போகிறீர்கள், பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

படம் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பிளாஷ் வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுத்தான் மிஞ்சும். அறையை இருட்டாக்கி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் போதும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200க்குக் குறையாமல், ஷட்டர் வேகம் 1/125 வினாடி. முகத்தில் உள்ள கறுப்புப் பட்டை கண்ணை விழுங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு வாசல் விளக்கு எரிந்தால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும், அப்போதுதான் உயிர் வரும். முகத்தோடு நிற்காமல் கைகளையும் எடுங்கள். எங்கோ பார்த்துக்கொண்டு விரலால் தடவியே பொருளை அறியும் அழகு வேறு எந்த விலங்கிலும் நான் பார்த்ததில்லை. நகரசபை 2016இல் உணவுக் கழிவு போடப் பூட்டுள்ள பச்சைத் தொட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியதே, மூடியைத் திறந்துவிடும் அந்தக் கைகளால்தான். ஜூன், ஜூலையில் பொழுதுபட்ட பிறகு குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக வரும். வருடத்தில் நல்ல காலம் அதுதான்.

பகலில் கண்டவுடன் விசர் பிடித்தது என்று முடிவுகட்டாதீர்கள். பால் கொடுக்கும் தாய் பசிக்குப் பகலிலும் இரை தேடும். தள்ளாடினால், வட்டமடித்தால், ஆளைக் கண்டும் அசையாமல் கிடந்தால் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயாகவோ றேபிஸ் என்ற விசர்நோயாகவோ இருக்கலாம். கமராவை வைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளையும் நாயையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அடியுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.